வெள்ளவத்தை ஞாயிறு அறநெறி வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

கொழும்பில் பிள்ளைகளுக்குச் சமயம் படிப்பிக்கும் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்குக் கோயில் அறநெறிப் பாடசாலை இருக்கிறது, பண்ணிசை வகுப்பு இருக்கிறது, சாதாரண தரச் சைவநெறிப் பாடத்துக்கென்றே தனி டியூசன் இருக்கிறது, இப்போது சூமிலும் நடத்துகிறார்கள். நான் எழுதப்போவது வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சின்னக் கோயிலின் பின்மண்டபத்தில் ஞாயிறு காலையில் நடக்கும் வகுப்பைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று நடத்துபவர்களே கேட்டுக்கொண்டார்கள். விளம்பரம் அவர்களுக்குப் பிடிக்காது, இடமும் அவ்வளவாக இல்லை. அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எது என்று விளங்கிவிடும், மற்றவர்கள் விசாரித்தால் யாராவது காட்டுவார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே போகிறார்கள், தொடர்ந்து அனுப்பத்தான் போகிறேன். காரணம் ஒன்றுதான். கடவுளைக் கும்பிட்டால் இது கிடைக்கும், அது கிடைக்கும் என்று அங்கே யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. கடவுளே வேண்டும் என்று ஆசைப்படச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை நீளும். பேனையை அம்மன் காலடியில் வைத்து எடுப்போம், 200 புள்ளிக்கு எவ்வளவு எடுத்தால் எந்தப் பாடசாலை என்று வீடு முழுக்க அதே கதை, பிள்ளைக்கு நேர்த்தி, பிள்ளைக்கு விரதம். தாய்மனம் அப்படித்தான், அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பத்து வயது வரைக்கும் பிள்ளை பார்த்தது அது மட்டும்தான் என்றால் அது என்ன நினைத்து வளரும்? கடவுள் என்பவர் பெரிய இடத்தில் நமக்குத் தெரிந்த ஆள், காரியம் ஆக வேண்டுமென்றால் அவரைப் பிடிக்க வேண்டும் என்றுதானே நினைக்கும். கதிரையும் பதவியும் கிடைத்த பிறகு அவர் எதற்கு? கிடைக்காவிட்டாலும் அவர் எதற்கு? இரண்டு பக்கத்தாலும் பிள்ளைக்குக் கடவுள் இல்லாமல் போய்விடுகிறார்.

இதற்கு முன் வேறோர் இடத்துக்கு அனுப்பினோம், எது என்று சொல்லப்போவதில்லை. கட்டடம் பெரிது, ஏசி அறை, பாடமும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் எல்லாமே பரிசும் கேடயமும்தான். பேச்சுப் போட்டி, மனனப் போட்டி, யார் முதலாவது, யார் மேடையில். ஒரு பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினராக ஓர் அரசியல்வாதி வருகிறார் என்று சின்னப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். அவர் வரப் பிந்திவிட்டது. வந்ததும் மாலை, பொன்னாடை, அப்புறம் பிள்ளைகள் சேர்ந்து பாடிய தேவாரம் எது தெரியுமா? ‘நாமார்க்கும் குடியல்லோம்.’ அரசன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, நாங்கள் யாருக்கும் குடிமக்கள் இல்லை, எமனுக்கும் பயமில்லை என்று அப்பர் பாடிய பாட்டு. அதைப் பாடிக்கொண்டே பிள்ளைகள் அந்த ஆளுக்குக் கைகூப்பி நின்றார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தத் தவணையோடு நிறுத்திவிட்டோம்.

சரி, இங்கே எப்படி என்று சொல்கிறேன்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் வெளிவீதியைக் கூட்டுகிறார்கள். பெரிய பிள்ளைகள் விளக்குமாறு, சின்னதுகள் வாடிய பூவும் கற்பூரப் பைகளும் பொறுக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்ற பார்வையே கிடையாது, டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கூட்டும், கோயிலுக்குப் பூ விற்பவரின் பிள்ளையும் கூட்டும். ஒரு தகப்பன் இதைப் பார்த்துவிட்டு, ‘நாங்கள் படிப்பிக்கத்தான் அனுப்பினோம்’ என்று முகம் சுழித்தார். டீச்சர் கோபிக்கவில்லை. பாடம் தொடங்கியாச்சு, நீங்களும் இருந்து பாருங்கள் என்று ஒரு கதிரையைப் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அன்றைய பாடம் அப்பர் உழவாரம் பிடித்த கதை. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிக்கொண்டிருந்த மண்ணில் பொன்னும் மணியும் மின்னுகின்றன, அவர் அதையும் கல்லும் பருக்கையும் போலவே உழவாரத்தால் வாரிக் குளத்துக்குள் எறிந்துவிடுகிறார். சாதாரணமாக இந்த இடத்தில், ‘ஆகவே பிள்ளைகளே, பொன்னாசை கூடாது’ என்று முடித்துவிட்டுச் சுண்டல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒரு பெடியன் கையைத் தூக்கினான். ‘டீச்சர், அந்தத் தங்கத்தை வித்து இல்லாத ஆக்களுக்குக் குடுத்திருக்கலாம்தானே?’

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அதட்டவும் இல்லை, ஏதாவது சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. ‘நல்லாக் கேட்டாய் தம்பி, அடுத்த கிழமை இதைத்தான் கதைக்கப் போறம்’ என்றார். சொன்னபடி அடுத்த ஞாயிறு திருவீழிமிழலைக் கதை. ஊரில் பஞ்சம், அப்பரும் சம்பந்தரும் அங்கே இருக்கிறார்கள், சிவன் கோயிலில் நாளாந்தம் ஆளுக்கொரு பொற்காசு வைக்கிறார், இருவரும் அதை எடுத்து அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். அதே அப்பர், அதே பொன். தனக்கென்று வந்தபோது குளத்துக்குள் போனது, பசித்தவருக்கென்று வந்தபோது கையில் ஏந்தப்பட்டது. அதிலும் சம்பந்தரின் காசு கொஞ்சம் மாற்றுக் குறைந்தது, வட்டம், அதாவது கழிவு, கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது, அப்பரின் காசு அப்படியே செல்லும், ஏனென்றால் அவர் உடம்பால் கைத்தொண்டு செய்தவர் என்று டீச்சர் சொன்னபோது, விளக்குமாறு பிடித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே! கேள்வி கேட்ட பெடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகம் சுழித்த அந்தத் தகப்பன் இப்போது ஒழுங்காக வருகிறார், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

என் சின்னவனுக்குப் பிடித்த பாடம் பூசலார். காஞ்சியில் காடவர் அரசன் கல்லால் பெரிய கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் வைக்கிறான். கையில் காசில்லாத பூசலார் திருநின்றவூரில் இருந்துகொண்டு மனதுக்குள்ளேயே அத்திவாரம் போட்டு, மதில் எழுப்பி, குளம் வெட்டி, அவரும் அதே நாளை வைக்கிறார். சிவன் அரசனின் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலன் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்கிறார். அரசன் தேடிப் போய்ப் பார்த்தால் அந்த ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. கடைசியில் பூசலார் காலில் அரசன் விழுகிறான்.

கதை முடிந்ததும் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அவரவர் மனதில் ஒரு கோயில் கட்டச் சொன்னார். மண்டபமே அமைதியாக இருந்தது. காலி வீதி பஸ் ஹோர்ன் மட்டும் தூரத்தில் கேட்டது. என்னுடையவன் ஒரு கண்ணைத் திறந்து, ‘டீச்சர், மனசுக்குள்ள கட்டுற கோயிலுக்குக் கரண்ட் வேணுமா?’ என்று கேட்டான். ‘நீயே ஒரு விளக்கு ஏத்தி வை அப்பன், இருட்டினால் பார்க்கலாம்’ என்றார் டீச்சர். இப்போது இரவில் படுக்கும்போது அவன் தானாகவே கண்ணை மூடிக்கொண்டு, கோபுரத்துக்கு இன்னும் ஒரு தட்டுக் கட்ட வேண்டும் என்கிறான். அந்த நேரத்தில் எனக்கு வரும் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மூத்தவளின் விஷயம் வேறு. அவள் ஒன்பதாம் தரம், பாடசாலையில் மாணவத் தலைவர் சின்னம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறாள். பதவியாசை கெட்டது என்று ஒரு பிரசங்கம் வரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். டீச்சர் கேட்டது, ‘சின்னம் கிடைச்சால் யாருக்கு என்ன செய்வாய் பிள்ளை? அதில எதை இப்பவே செய்யலாம்?’ என்று மட்டும்தான். அப்புறம் மாணிக்கவாசகர் கதை. பாண்டியனின் முதலமைச்சர், குதிரை வாங்க அரச பணத்தோடு போனவர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும் அமைச்சுப் பதவியே மறந்துபோன மனிதர். ‘வேண்டேன் புகழ் வேண்டேன் செல்வம்’ என்று அவர் பாடுவதற்கு ஒரு கனம் இருக்கிறது, இரண்டையும் கையில் வைத்திருந்து பார்த்தவர் அல்லவா.

அதோடு விடவில்லை. பிள்ளைகளைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு ஒரு நாள் கூட்டிப் போனார்கள். முழுக்கக் கருங்கல்லால் எழுந்த கோயில், தகப்பனார் கட்டியதைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அப்படித் திருப்பிக் கட்டினார். 1911இல் படித்த இலங்கையருக்கென்று ஒதுக்கிய சட்டசபை ஆசனத்துக்கு நாடளாவிய தேர்தலில் வென்றவர் அவர். பதவியில் இருந்த மனிதர்தான், பெரிய பதவி. அந்த ஆசனத்தைப் பற்றி இன்று தேடிப் படித்தால்தான் தெரியும், இந்தத் தூணுக்குக் கீழே இன்றைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறார் என்று அங்கே வைத்து டீச்சர் சொன்னாராம். மகள் கல்தூணைத் தொட்டுப் பார்த்ததையும் அது வெயில் நேரத்திலும் குளிர்ந்திருந்ததையும் வந்து சொன்னாள். சின்னம் இன்னும் வேண்டும் என்றுதான் இருக்கிறாள். ஆனால் பாடசாலை விட்டதும் வானுக்குக் காத்து நிற்கும் முதலாம் தரப் பிள்ளைகளுக்குத் தானாகவே துணை நிற்கத் தொடங்கியிருக்கிறாள், அதை யாரும் பார்க்கிறார்களா என்று அவள் பார்ப்பதில்லை.

எங்கள் மேல்மாடியில் ஒரு சிங்களக் குடும்பம். அந்தப் பிள்ளை ஞாயிறு காலையில் வெள்ளை உடுப்போடு பௌத்த அறநெறி வகுப்பான தஹம் பாசலுக்குப் போகும், என்னுடையதுகள் கோயிலுக்கு. திரும்பி வந்து மாடிப்படியில் இருந்து கதை மாற்றிக்கொள்கிறார்கள், சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போனதும் மாணிக்கவாசகர் அமைச்சை விட்டதும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சமைப்பது பிடிக்கும்.

குறைகளும் இருக்கின்றன, எழுதாவிட்டால் இது சரியான விமர்சனம் ஆகாது. மண்டபம் புழுக்கம். மின்விசிறி இருந்தும் சித்திரை, வைகாசியில் பிள்ளைகள் நனைந்து போகிறார்கள். வகுப்பு சொன்ன நேரத்தில் முடிவதில்லை, டீச்சர் கதையில் இறங்கினால் மணிக்கூடு பார்க்க மாட்டார். அதனால் அடுத்து டியூசன் வைத்திருப்பவர்கள் திண்டாடுகிறார்கள். பண்ணோடு தேவாரம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, எல்லாம் ஒரே மெட்டில்தான் போகிறது, பண் படிக்க வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். ஆங்கில மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் கொஞ்ச நாள் டீச்சரின் தமிழ் பிடிபடாது, பழகிவிடும்.

பெரிய குறை என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று, பெண்களின் கதை குறைவு. சமணத்துக்குப் போயிருந்த அப்பரைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவரே அக்கா திலகவதியார், அவர் கையால் திருநீறு வாங்கித்தான் அப்பர் கோயிலுக்குள்ளேயே போனார், அவருக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்க வேண்டாமா? காரைக்கால் அம்மையாரும் ஒரே வகுப்பில் முடிந்துவிட்டார். சொல்லியிருக்கிறேன், செய்கிறோம் என்றார்கள். மற்றது, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகம், வெளிநாடு, வேலை என்று உலகம் பலமாக இழுக்கும் வயது அது, இந்த வகுப்பு மிகவும் தேவைப்படும் வயதும் அதுதான். ஆனால் பதின்மூன்று, பதினான்குக்கு மேல் அவர்களுக்கென்று தனிக் குழு இல்லை, சின்னப் பிள்ளைகளோடு இருந்து அதே கதையைக் கேட்க அவர்கள் வர மாட்டார்கள். நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் பாடப்புத்தகம் வைத்திருக்கிறார்கள், விரும்பியவர்களைப் பரீட்சைக்கும் ஆயத்தப்படுத்துவார்கள், ஆனால் புள்ளியை வாசித்துக் காட்டுவதோ முதலாம் இடம், இரண்டாம் இடம் போடுவதோ இல்லை. அப்படியென்றால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று சில பெற்றோர் எடுத்துவிட்டார்கள். என் அனுபவம் வேறு மாதிரி, மூத்தவள் சைவநெறிப் பாடத்தில் முன்பைவிட நன்றாக எழுதுகிறாள், கேட்ட கதை மனதில் நிற்கிறது.

கட்டணம் இல்லை, உண்டியலைப் பிள்ளைகள் முன்னால் நீட்டுவதும் இல்லை. ஒரு கொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல், கூட்டும்போது அழுக்குப்பட்டால் பரவாயில்லை என்ற உடுப்பு, அவ்வளவும் போதும். புதிய பிள்ளைகளை விஜயதசமி ஏடு தொடக்கலோடு சேர்க்கிறார்கள், இடையில் போனாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வாகனத்தில் வருபவர்கள் ஒழுங்கைக்குள் கொண்டுவராமல் காலி வீதியிலேயே இறக்கிவிடுங்கள், உள்ளே திருப்ப ஏலாது. முதல் நாள் நீங்களும் கூட இருந்து கேளுங்கள், கதிரை போடுவார்கள்.