பழைய அம்பாசிடருக்கு நைலான் டயரா, ரேடியலா?

என் மார்க் 3 அம்பாசிடருக்கு டயர் மாற்றும் நேரம் வந்தபோது இரண்டு வழி இருந்தது. ஆதியில் வந்த 5.90-15 அளவு நைலான் டயரையே (உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை) தேடிப் பிடிப்பது ஒன்று; 165/80 ஆர்15 ரேடியல் (நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் வகை) போடுவது இன்னொன்று. நான் ரேடியல் போட்டேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

நைலான் டயர் ஒல்லியாக, உயரமாக நிற்கும் அழகே தனி. கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டிக்கு அதுதான் சரி. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் எளிது. ரேடியலில் கை வலிக்கும். ஆனால் சில நாள் நின்ற வண்டியை எடுத்தால், நைலான் டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகி, சூடேறும்வரை தடதடவென்று உதறும். ரேடியலில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. மழையில் பிடிப்பும் மேல். சற்றுக் குள்ளமான டயர் என்பதால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது ரிம்மைப் பார்த்துத்தான். ரேடியல் சாலையை இறுக்கிப் பிடிப்பதால், வளைவில் ரிம்முக்குப் போகும் பாரம் கூடும். டயரைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுத் துளைகளைச் சுற்றியும், நடுத் தட்டு வளையத்தோடு சேரும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிக்காதீர்கள், ரிம்மையே மாற்றுங்கள். அப்புறம், டியூப் இல்லாமல் ஓடும் டயருக்கான டியூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். பழைய ரிம்மில் அது கிடையாது. அதனால் ரேடியலுக்கென்று வரும் டியூப் போட்டே ஆக வேண்டும். டயருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, பவுடர் தூவிய பிறகு டியூப்பை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உராய்ந்தே டியூப் பஞ்சராகும்.

என் வண்டி பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓடுகிறது. ஆகவே நெடுஞ்சாலை ஓட்டத்தில் ரேடியல் எவ்வளவு காலம் உழைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாக வாங்குங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று இருந்தால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிக்கியில் கிடக்கும் பழைய நைலான் ஸ்டெப்னியை மாட்ட நேர்ந்தால், பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போக மட்டுமே அது உதவும்.