இலவச சட்ட உதவி மையம்: ஆசை காட்டாமல் வழி காட்டிய இடம்

கோர்ட் வளாகத்துக்குள் இலவச சட்ட உதவி மையம் என்று ஒரு பலகை இருக்கும், நம்மில் பலர் அதைத் தாண்டித்தான் வக்கீல் ஆபீஸைத் தேடிப் போகிறோம். செட்டிநாட்டில் எங்கள் வட்டத்தில் இருக்கும் அப்படி ஒரு மையத்தைப் பற்றியது இந்த விமர்சனம். குறையும் சொல்லப் போவதால் ஊர் பெயரைப் போடவில்லை. ஆனால் சேவை நல்ல சேவை, தயங்காமல் போகலாம்.

எங்கள் அயித்தானை ஒரு நாள் ராத்திரி போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஏதோ ஒரு செக் கேஸில் பிடிவாரண்டாம். பெயர் அதே, அப்பச்சி (அப்பா) பெயரும் அதே, ஆனால் ஆள் வேறு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது, ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், முன்னால் வரும் விலாச எழுத்துகளை வைத்துத்தான் நாங்களே பிரித்துச் சொல்வோம். வாரண்டில் அந்த எழுத்துகளும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஆச்சி ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வளவிலிருந்து வாசல் வரைக்கும் ஓடியிருக்கிறார், யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லிக்கங்க" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை ரிமாண்டுக்கு நிறுத்தியபோது சட்ட உதவி வக்கீல்தான் பேசினார். வழக்குக் கட்டில் இருந்த செக்கையும் முகவரியையும் ஆதாரோடு வைத்துப் பார்க்கச் சொன்னார், மாஜிஸ்திரேட் பார்த்தார், அங்கேயே விடுவித்தார்.

விடவில்லை நாங்கள். ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்ததற்கு யார் பதில் சொல்வது? வாரண்ட் போட்ட மாஜிஸ்திரேட் மேலேயே வழக்குப் போடலாம், பெரிய தொகை வாங்கலாம் என்று வெளியில் ஒரு வக்கீல் சொன்னார், முன்பணமும் கேட்டார். கொடுப்பதற்கு முன் ஆச்சி இந்த மையத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டதுதான் புண்ணியம். "அது நிக்காதுங்க ஆச்சி, அதுக்குக் காசைக் கரைக்காதீங்க" என்றார் அங்கிருந்த வக்கீலம்மா.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். நீதித்துறை அலுவலர்களைப் பாதுகாக்க 1850-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது, இன்றும் அமலில் இருக்கிறது. நீதிப் பணியாகச் செய்த காரியத்துக்கு, தனக்கு அதிகாரம் உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்திருந்தால், அதிகார வரம்பைத் தாண்டியிருந்தால்கூட நீதிபதி மேல் சிவில் வழக்குப் போட முடியாது. எனக்கு முதலில் ஒப்பவில்லை. ஆனால் தோற்றவரெல்லாம் நீதிபதி மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றால், பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு எதிராக எந்த மாஜிஸ்திரேட் துணிந்து கையெழுத்துப் போடுவார்? அதனால் இந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான் என்றே இப்போது நினைக்கிறேன்.

அதற்கும் எல்லை இருக்கிறது. அன்வர் உசேன் வழக்கில், மாஜிஸ்திரேட் அதிகாரமும் இருந்த ஓர் அதிகாரி நீதிப் பணியாக இல்லாமல் கைது செய்ய உத்தரவிட்டதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் எழுதாமல் காவலில் வைக்க உத்தரவிடும் மாஜிஸ்திரேட் மேல் உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்தது.

போலீஸ் விஷயம் வேறு. கோர்ட் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, தக்க விசாரணை செய்த பிறகும் இன்னொருவரை அவர்தான் என்று நம்பிப் பிடித்தால் குற்றமில்லை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 14-வது பிரிவில் ஓர் உதாரணமே இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 76. நீட்டிய ரேஷன் கார்டை வாங்கிப் பார்க்காதது என்ன விசாரணை? எங்கள் பிடி அங்கேதான் என்றார். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்திவிட்டதால், கெடு தாண்டிக் காவலில் வைத்தார்கள் என்ற வாதம் நமக்கு உதவாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய இழப்பீடு அதிகபட்சம் 1,000 ரூபாய், முன்பு அது 100. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஏற்றவில்லை. ஒரு மனிதனின் மானத்துக்கு இந்தத் தொகையை எழுதி வைத்திருப்பது பெரிய அநியாயம். எங்களுக்கு அதுவும் பொருந்தாது, ஏனென்றால் புகார்தாரர் அயித்தானைக் காட்டிக் கொடுக்கவில்லை. சிவில் வழக்கென்றால் விடுதலையான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, அதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் வேறு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். ஆனால் பொய் உளவு வழக்கில் சிக்கிய இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கே 1994-ல் நடந்த கைதுக்கு 50 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2018-ல்தான். அதனால் முதலில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதச் சொன்னார். கட்டணம் இல்லை, அங்கேயும் ஒரு வருடக் கெடு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருப்பதால் அது வெறும் காகிதம் இல்லை. மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார். அனுப்பியாயிற்று, விசாரணைக்குக் காத்திருக்கிறோம்.

குறை என்றால், உட்கார ஒரே ஒரு பெஞ்சு, வயசானவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர் வராத நாளில் மனு தட்டச்சாகாது, மறுபடியும் நடக்க வேண்டும். போன் அடித்தால் எடுப்பதே இல்லை, நேரில் போனால்தான் காரியம். இதையெல்லாம் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

பெண்கள், காவலில் இருப்பவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமல் உதவுவார்கள், அதனால் எங்கள் மனுவை ஆச்சி பெயரில் கொடுத்தோம். ராத்திரி நேரத்தில் யாரையாவது பிடித்துப் போனால் சட்ட உதவி எண் 15100-க்கு அடியுங்கள். நேரில் போகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு நகலோடு, எத்தனை மணிக்கு வந்தார்கள், வாரண்டைக் காட்டினார்களா, யார் பார்த்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வக்கீலம்மா முதலில் கேட்பது அதைத்தான். சாயங்காலம் போனால் கோர்ட் வேலை முடிந்து நிதானமாகப் பேசுவார்கள்.