கூகுள் பேட்டன்ட்ஸ்: ஆன்டெனா செய்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் தளம்

ஆன்டெனா வடிவமைப்பதுதான் என் தொழில். புதிதாக ஒரு வடிவம் தோன்றினால், அதை முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று முதலில் காப்புரிமை ஆவணங்களைத் தேடும் தளமான கூகுள் பேட்டன்ட்ஸில்தான் தேடுவேன். இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை.

அதன் அருமை தெரிய அமெரிக்கக் காப்புரிமை எண் 3210767-ஐத் திறந்து பாருங்கள். டுவைட் இஸ்பெல் உருவாக்கிய லாக் பீரியாடிக் ஆன்டெனா, அதாவது உறுப்புகளின் அளவு ஒரே விகிதத்தில் மாறிக்கொண்டே போகும் ஆன்டெனா அது. 1960-இல் விண்ணப்பித்து 1965-இல் கிடைத்த காப்புரிமை. படிப்படியாக நீளம் குறையும் டைபோல்கள் (நடுவில் இணைப்புள்ள இரட்டைக் கம்பிகள்), ஒவ்வொன்றுக்கும் இடையே குறுக்காக மாற்றிக் கட்டிய ஃபீடர் (சிக்னலைக் கடத்தும் இணைப்புக் கம்பி) என்று எல்லாம் படத்தில் தெளிவாக இருக்கிறது.

இதை வைத்து, காப்புரிமையின் உரிமையாளரான இல்லினாய்ஸ் பல்கலைக்கழக அறக்கட்டளை, வைன்கார்ட் என்ற ஆன்டெனா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றது. மேல்முறையீட்டிலும் 1968-இல் தோல்விதான். நீதிமன்றம் சொன்ன காரணம் இது: லாக் பீரியாடிக் கணக்கு முன்பே தெரிந்த ஒன்று. நீளமும் இடைவெளியும் மாறும் டைபோல்கள் பரந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்பதும் முன்பே தெரிந்தது. அரை அலைநீளத்துக்குக் குறைவான இடைவெளியில் ஃபீடரை மாற்றிக் கட்டி, குட்டை டைபோல் இருக்கும் முனையில் இணைத்தால் ஒரே திசையில் வேலை செய்யும் என்பதும் முன்பே தெரிந்தது. துறை தெரிந்தவருக்கு இவற்றைச் சேர்ப்பது வெளிப்படையானது, அதனால் காப்புரிமை செல்லாது என்றது நீதிமன்றம். எனக்கு இது கொஞ்சம் கடுமையான தீர்ப்பாகவே படுகிறது. ஆன்டெனாவில் மூன்று நல்ல யோசனைகளைச் சேர்த்தால் நல்ல பலன் வரும் என்று அளந்து பார்க்காமல் சொல்லவே முடியாது. சிகாகோவில் பிளாண்டர்-டங் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இதே காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பானது. கடைசியில் 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முழுமையாக வாதாட வாய்ப்புக் கிடைத்தும் ஒரு வழக்கில் செல்லாது என்று தீர்ப்பான காப்புரிமையை இன்னொருவர் மேல் மறுபடி ஏவ முடியாது என்ற விதியை வகுத்தது.

சரி, தளத்துக்கு வருவோம். தேதி வடிகட்டிதான் இதில் உயிர். உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முந்தையதை மட்டும் காட்டச் சொல்லலாம். பழைய காப்புரிமைகள் ஸ்கேன் செய்து எழுத்தாக்கப்பட்டவை என்பதால் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. லாக் பீரியாடிக் ஆன்டெனாக்களுக்கான எச்01க்யூ 11/10 (H01Q 11/10) என்ற வகைக் குறியீட்டையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், ‘காலாவதி’ என்ற நிலையைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், இதைப் போல வழக்கு நடந்திருந்தால் அதன் தீர்ப்பைத் தனியாகத் தேடிப் படியுங்கள். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் எடுத்த காப்புரிமைகளைச் சேர்த்துப் பார்க்க, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட்டையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். அதுவும் இலவசம்தான்.