பெட்டகத்தில் கிடைத்த பழைய ரீல்கள்: ஓட்டுவதா, ஸ்கேன் செய்வதா, குளிரில் வைப்பதா, ஒப்படைப்பதா?

பல வருடம் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டகத்தை ஒருவழியாகத் திறக்கிறோம். உள்ளே நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. துருவேறிய வட்ட டப்பாக்கள் ஏழெட்டு. ஒரு மூடியை நெம்பியதும் மூக்கில் ஏறுகிறது வினிகர் வாடை. அந்த வாடைதான் இந்த அலசலின் நடுவர். நாம் எந்த வழியில் போகலாம், எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

‘பெட்டகத்தில்தானே இருந்தது, பத்திரமாக இருக்கும்’ என்று நினைப்பது இயல்பு. நிலைமை அநேகமாக நேர்மாறு. அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் ஆவியாக வெளியேறும், வினிகர் வாடை அதனுடையதுதான். வெளியே போக வழியில்லாவிட்டால் அந்த ஆவியே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஒரு டப்பாவில் தொடங்கியது பக்கத்து டப்பாவையும் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாத பெட்டகம் திருடனுக்குத் தடை, அமிலத்துக்குச் சிறை.

வழிகளை ஒப்பிடும் முன் கையில் இருப்பது என்ன ரகம் என்று தெரிய வேண்டும். ஃபிலிமின் அகலம் 8 எம்எம், 16 எம்எம் என்றால் கொஞ்சம் நிம்மதி. கோடாக் 1923இல் 16 எம்எம்மைக் கொண்டுவந்தபோதே தீப்பிடிக்கும் அபாயம் குறைந்த சேஃப்டி ஃபிலிமில்தான் கொண்டுவந்தது. 35 எம்எம், அதுவும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் எளிதில் தீப்பிடிக்கும் பழைய ரகமான நைட்ரேட்டாக இருக்கலாம். நைட்ரேட் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். மோசமாகச் சிதைந்த சுருள், நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் 41 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ அல்லது ‘நைட்ரேட்’ என்று அச்சாகியிருக்கும். ஆனால் பிரதி எடுக்கும்போது மூலத்தின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிவாகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. டப்பாமேல் ஒட்டியிருக்கும் சீட்டையோ நம்பவே கூடாது. டப்பாவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்.

நைட்ரேட் என்று சந்தேகம் வந்தால் கீழே உள்ள ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அதைக் கூரியரில்கூட அனுப்ப முடியாது. போக்குவரத்து விதிகளில் அது யுஎன் 1324 என்ற எண்ணுள்ள அபாயகரமான சரக்கு. வெப்பம், வெயில், நெருப்பு எதுவும் அண்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆவணக்காப்பகத்தை அழைப்பது ஒன்றே வழி. இனி வருவதெல்லாம் அசிட்டேட், பாலியெஸ்டர் சுருள்களுக்கு.

முதல் போட்டியாளர் புரொஜக்டர். மனம் கேட்பது இதைத்தான், அதனால்தான் இது ஆபத்து. பழைய ஃபிலிம் சுருங்கும். சுருங்கினால் ஓரத்துளைகளுக்கு இடையிலான தூரம் குறையும், ஆனால் புரொஜக்டரின் பல் அதே தூரத்தில்தான் குத்தும். விளைவு, துளைக்குத் துளை கிழிசல். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பழைய சுருளின் தொடக்கத்தை ஒரு புதிய ஃபிலிம் துண்டின் பக்கத்தில் சமமாக வைத்து 100 ஃபிரேம் எண்ணுங்கள். புதியதில் 100 முடியும் இடத்தில் பழையதில் 101 முடிந்திருந்தால் சுருக்கம் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதற்கு மேல் என்றால் புரொஜக்டரை மறந்துவிடலாம். ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தாலோ வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ எண்ணவே தேவையில்லை. என்ன படம் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லையா? முதல் சில அடிகளை ஓரத்தில் பிடித்து, கீழிருந்து வெளிச்சம் வரும் பலகையில் வைத்து லென்ஸால் பாருங்கள். ஆவலுக்கு அது போதும்.

இரண்டாவது, ‘ரீலை வீடியோவாக மாற்றித் தருகிறோம்’ என்னும் மலிவு வேலை. பல இடங்களில் இது சுவரில் ஓட்டி எதிரே கேமரா வைப்பதுதான். சுருள் அதே பல்சக்கரத்தில்தான் ஓடுகிறது, ஆகவே கிழிசல் ஆபத்து அப்படியே இருக்கிறது. போதாததற்கு நொடிக்கு 18 ஃபிரேம் ஓடும் படத்தை 25 அல்லது 30 ஃபிரேம் எடுக்கும் கேமரா பிடிப்பதால் மினுக்கம் வரும், விளிம்பும் வெட்டுப்படும். காசு மிச்சம், படம் நஷ்டம்.

நிஜமான போட்டி மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில்தான்: நல்ல ஸ்கேனரா, குளிர்சாதனமா?

ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும் ஸ்கேனர்களில் பல் இல்லாத ரகம் உண்டு. சுருள் உருளைகள்மேல் வழுக்கிப் போகும், துளை எங்கே என்று கேமராவோ லேசரோ பார்த்துக்கொள்ளும். ஓரளவு சுருங்கிய ஃபிலிமையும் இது கிழிக்காமல் எடுத்துவிடும். நிறம் மங்கி இளஞ்சிவப்பாகிப் போன கலர் படத்தில், மிச்சமிருக்கும் சாயத்திலிருந்து கொஞ்சம் நிறத்தை மீட்கவும் முடியும். ஆனால் கோப்பின் கனத்தையும் யோசிக்க வேண்டும். 400 அடி 16 எம்எம் ரீல் ஒன்றில் 16,000 ஃபிரேம், நொடிக்கு 24 என்றால் 11 நிமிடம். 2கே அளவில், அதாவது குறுக்கே சுமார் 2,000 புள்ளிகளோடு, சுருக்காமல் எடுத்தால் ஃபிரேமுக்குச் சுமார் 12 எம்பி, மொத்தம் 190 ஜிபிக்கு மேல். அது உட்காரும் ஹார்ட் டிஸ்க்கைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

குளிரின் கணக்கு வேறு. ஃபிலிம் பாதுகாப்பில் பெயர்பெற்ற இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணிப்புப்படி, 21 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது அசிட்டேட் சுமார் 40 வருடம் தாங்கும். ஏற்கெனவே சிதையத் தொடங்கிய சுருள் என்றால் அதே அறையில் சுமார் ஐந்து வருடத்தில் கை மீறிவிடும். உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனால் அந்தக் கடிகாரம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சுருளை இரண்டு ஃப்ரீசர் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, இடையில் ஈரப்பதம் காட்டும் அட்டை வைத்து, பனி படியாத ஃப்ரீசரில் வைத்தால் ஆயிற்று. வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஃபிலிம்மேல் நீர் கோத்துக்கொள்ளும். இந்த வழியின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: படத்தை யாரும் பார்க்க முடியாது.

என் ஓட்டு: முதலில் குளிர், பிறகு ஸ்கேன், அதன் பிறகும் குளிர். ஸ்கேன் ஆனதும் மூலத்தைத் தூக்கி எறிவதுதான் மன்னிக்க முடியாத தவறு. 1927இல் வந்த ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ஸின் காணாமல் போன காட்சிகள் 2008இல் புவெனஸ் ஐரிஸ் அருங்காட்சியகத்தில் கிடைத்தன. கிடைத்தது 16 எம்எம் பிரதி. பிரதி எடுத்த நாளில் மூலத்தில் இருந்த கீறல்கள் அத்தனையும் அதில் நிரந்தரமாக அச்சாகிவிட்டன, படத்தின் ஒரு விளிம்பும் வெட்டுப்பட்டுப் போனது. மூல 35 எம்எம் கையில் இருந்திருந்தால் மறுபடி எடுத்திருக்கலாம். எதிர் உதாரணம் இங்கிலாந்தின் பிளாக்பர்னில், 1994இல். ஒரு கடையின் அடித்தளத்தில் இருந்த உலோகப் பீப்பாய்களில் மிட்செல் அண்ட் கென்யன் என்ற பழைய படப்பிடிப்பு நிறுவனத்தின் சுமார் 800 நெகட்டிவ்கள் கிடைத்தன. அன்றைய வீடியோ டேப்பில் நகல் எடுத்துவிட்டுப் போதும் என்று விட்டிருந்தால் இன்று நமக்கு எஞ்சுவது மங்கலான நிழல்கள். மூலம் காப்பாற்றப்பட்டதால் நூறு வருடத்துக்கு முந்தைய தொழிலாளர்களின் முகங்களை இன்று பளிச்சென்று பார்க்கிறோம்.

ஆவணக்காப்பகத்திடம் ஒப்படைப்பது ஐந்தாவது வழி. குளிர், ஸ்கேன் இரண்டும் அங்கே ஒரே கூரையில் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்தாலும் வரிசை நீளம். கொடுக்கும் முன் அது நன்கொடையா, உரிமையை நம்மிடமே வைத்துக்கொண்டு வைப்பாகக் கொடுப்பதா என்பதையும், ஸ்கேன் பிரதி நமக்கு வருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சுருள் நம்முடையது என்பதால் படத்தின் பதிப்புரிமையும் நம்முடையது ஆகிவிடாது. குடும்பப் படம் என்றால் வீட்டு ஃப்ரீசரே போதும் என்பேன். கடைத்தெரு, ஊர்வலம், தொழிற்சாலை என்று பொதுவெளி பதிவாகியிருந்தால் காப்பகக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

அப்புறம், காலியான அந்தப் பெட்டகம். சுருள்களைத் திரும்ப அதற்குள் வைக்க வேண்டாம். அது தீத்தடுப்புப் பெட்டகமாகவே இருந்தாலும், காகிதத்துக்கென்று தரச்சான்று பெற்ற ரகம் தீயின்போது உள்ளே 177 டிகிரி வரை சூடேற விடும். ஃபிலிமுக்கான ரகத்தின் எல்லை 66 டிகிரிதான். டப்பாக்களுக்குள் செருகியிருந்த சீட்டுகள், ரசீதுகள், கடிதங்களை எந்த டப்பாவிலிருந்து எடுத்தது என்று குறித்துத் தனி உறையில் போட்டு வையுங்கள். பெட்டகத்துக்கு அவை போதும்.