ஸ்டெப்னியா, பஞ்சர் கிட்டா?

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், குடும்பத்தோடு சென்னையிலிருந்து தென்காசிக்குப் போய்க்கொண்டிருந்தோம். திருச்சி தாண்டி, துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இடது பக்கமாக இழுத்தது. முன் டயரில் காற்று இறங்கியிருந்தது. இரவு ஒன்பதரை மணி. டிக்கியில் நாலு பெட்டி, ஒரு அரிசிப் பை, அதற்கெல்லாம் அடியில் ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம். சாமான்களை ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறக்கி வைத்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தை மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாற்றிய சக்கரமும் தொய்ந்து உட்கார்ந்துவிட்டது. மெதுவாக உருட்டிக்கொண்டு பக்கத்து பெட்ரோல் பங்குக்குப் போய் அளந்தால் காற்றழுத்தம் 14 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33.

ஊருக்குத் திரும்பியதும், டயர் ஓட்டையை நாமே அடைத்துக்கொள்ளும் பஞ்சர் கிட்டும், காருக்குள் சாக்கெட்டில் செருகிக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 2,600 ரூபாய். இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் இதை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். டியூப்லெஸ் டயருக்குத்தான் இந்த கிட், டியூப் இருந்தால் பயன்படாது.

ஸ்டெப்னியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டயர் எப்படிக் கிழிந்தாலும் வேறு சக்கரம் கையில் இருக்கிறது. ஆனால் மற்ற நாலும் அலாய் வீலாக இருக்கிற பல கார்களில் ஸ்டெப்னி மட்டும் அளவில் சின்னது. அதன் மேலேயே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று எழுதியிருக்கும். 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் சில புது வண்டிகளில் அது வருவதே இல்லை.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: பராமரிப்பு. ஸ்டெப்னி ஓடாவிட்டாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ரப்பருக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். உங்கள் ஸ்டெப்னியில் அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பங்கில் காற்றடிக்கும் பையன் நாலு சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வான், நாமும் கேட்பதில்லை. கம்ப்ரசர் அப்படியில்லை. மாதம் இரண்டு முறை வீட்டு வாசலிலேயே காற்று பார்க்க அதைத்தான் எடுக்கிறேன். அது வேலை செய்கிறதா என்பது வழியில் நிற்கும்போது தெரிய வேண்டியதில்லை, போன வாரமே தெரியும். அதோடு, மெதுவாக இறங்கும் பஞ்சர் என்றால் ஆணியைப் பிடுங்காமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம்.

இந்தப் புரட்டாசியில் உளுந்தூர்பேட்டை அருகே கிட்டுக்கும் வேலை வந்தது. மறுபடியும் முன் டயர். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும், தலை தேய்ந்து பளபளத்த ஆணி கண்ணில் பட்டது. குறடால் அதைப் பிடுங்கி, ஓட்டையைத் தேய்த்துச் சீராக்கும் ரீமரை உள்ளே விட்டு நாலைந்து முறை முறுக்கினேன். இதற்குத்தான் நல்ல கைபலம் வேண்டும். ஊசிக் காதில் ரப்பர் திரியைக் கோர்த்து, பசை தடவி, முக்கால்வாசி உள்ளே போகும்வரை அழுத்தி, ஒரே இழுப்பில் ஊசியை வெளியே எடுத்தால் திரி உள்ளேயே தங்கிவிடும். வெளியே நீட்டியதை வெட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து குமிழி வருகிறதா என்று பார்த்தேன். காற்றடிக்க ஆறு நிமிஷம். ஒரு பெட்டியைக்கூட இறக்கவில்லை, அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டே இருந்தார். கிட்டில் வருகிற பசை டியூப் மட்டும் ஒருமுறை திறந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன்.

பின் சக்கரத்தில் இதை நான் செய்து பார்த்ததில்லை. இடம் போதாமல் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வரலாம். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவத்தை ஸ்கூட்டரில் மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். சின்ன ஓட்டையை அடைத்தது உண்மை. ஆனால் பிறகு பஞ்சர் கடை அண்ணன் உள்ளே அப்பியிருந்ததை வழித்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. காருக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசில்லை.

கிட்டால் முடியாதது ஒன்று உண்டு. தரையில் படுகிற பட்டையில் ஆறு மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான் திரி சரி. பக்கச்சுவர் கிழிந்தால் எதுவும் செய்ய முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓரக் கல் ஒன்று உரசினால் போதும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், மலைப்பாதையில் அது உதவாது. அதனால் ஸ்டெப்னியை நான் இறக்கிவிடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு டிக்கியைக் காலி செய்து, அதே கம்ப்ரசரால் அதற்கும் காற்றடிக்கிறேன், மற்ற நாலையும்விட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடவே.