ஜமீலா, கான்ஸ்டன்டைனா, தர்கோவிச்சா: டீக்கடை பெஞ்சில் போட்ட கணக்கு

2025 ஜூன் 10. மேட்டூர் திறக்க இன்னும் இரண்டு நாள். குடமுருட்டி ஆற்று மணலில் நட்டிருந்த மூங்கில் கோல்போஸ்ட்டை அன்று சாயங்காலம்தான் பிடுங்கிக் கரையேற்றினோம். தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம் வரை எங்களுக்கு மைதானம் கிடையாது. கையில் ஒட்டின மணலோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே செல்போனில் ஐந்து பேர், இந்தியக் கால்பந்து அணி ஹாங்காங்கோடு ஆடிய ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தைப் பார்த்தோம். முதல் பாதியில் நம் ஆஷிக் குருணியன் திறந்து கிடந்த கோலுக்கு வெளியே தட்டிவிட்டார். 90 நிமிடமும் முடிந்து, கூடுதல் நேரத்தில் ஹாங்காங்குக்கு ஒரு பெனால்டி. 1-0 தோல்வி. செல்லை வைத்திருந்த பையன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஜூலை தொடக்கத்தில் இந்திய அணிப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் கழன்றுகொண்டார். எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. 2024-இல் ஆடிய 11 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்காத அணி, உலகத் தரவரிசையில் 133-க்கு இறங்கியது. அப்படியும் அந்த நாற்காலிக்கு 170 பேர் மனுப் போட்டார்கள். உலகப் புகழ் பயிற்சியாளர்கள் ஜாவி, குவார்டியோலா பேரில்கூட மின்னஞ்சல் வந்ததாம். இரண்டும் போலி என்று இந்தியக் கால்பந்து சம்மேளனமே பிறகு சொன்னது. முன்னாள் ஆட்டக்காரர் ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு சலித்து எடுத்தது மூன்று பேரை: ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் தர்கோவிச், காலித் ஜமீல்.

எங்கள் பெஞ்சும் மூன்றாகப் பிரிந்தது. பெரியப்பா கான்ஸ்டன்டைன் கட்சி. "173-ல கெடந்த டீமை 96-க்கு ஏத்துன ஆளுடா. வேற எவன் செஞ்சான்?" என்பார். உண்மைதான். 2015-இல் இரண்டாம் முறையாக வந்தவர் இரண்டே வருஷத்தில் நூறுக்குள் கொண்டுவந்தார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்ததை இந்தப் பெஞ்சில்தான் கொண்டாடினோம். ஆனால் அடுத்தடுத்து நடந்ததைப் பெரியப்பா லேசாகத் தாண்டிவிடுவார். பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்று. 90 நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு 91-ஆவது நிமிடத்தில் பெனால்டி கொடுத்து வெளியே வந்தோம். அன்றிரவே அவர் ராஜினாமா.

அந்த 96-ஐயும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அன்றைய கணக்கு முறையில் யாரோடு, எத்தனை ஆட்டம் ஆடுகிறோம் என்பதே தரவரிசையை ஏற்றி இறக்கும். ஃபிஃபா அந்த முறையை மாற்றியது 2018-இல்தான். கான்ஸ்டன்டைன் அதைப் புரிந்து ஆடினார், தப்பில்லை, கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த வித்தை இப்போது செல்லாது. அதோடு அவர் பந்தைத் தூக்கியடித்து முன்னால் துரத்தச் சொல்லும் ஆள். துரத்த அன்று நல்ல வயதில், நம் கோல் அடிக்கும் ஆள் சுனில் சேத்ரி இருந்தார். பின்னால் 2022-23-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கிளப் கையில் கிடைத்தபோது அணி முடித்தது ஒன்பதாவது இடத்தில்.

தர்கோவிச்சுக்கு ஆதரவு செல்போன் பையன் ஒருவன்தான். "யூரோ ஆடுன கோச்சுண்ணே!" ஆமாம், ஸ்லோவாக்கியாவை ஐரோப்பியக் கோப்பையான யூரோ 2020-க்குக் கூட்டிப்போய்ப் போலந்தை 2-1 என்று ஜெயித்தார், ஸ்பெயினிடம் 5-0 வாங்கவும் செய்தார். பிறகு கிர்கிஸ்தான் அணிக்குப் பயிற்சியாளராக இருந்ததால் ஆசியாவும் தெரியும். நம் பையன்களைத் தெரியாது, அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசியில் தஜிகிஸ்தானில் போட்டி. இடையில் நாலு வாரத்துக்குள் யார் இடது கால், யார் வலது கால் என்று அவர் தெரிந்துகொள்வதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

நான் ஜமீல் பக்கம். காரணம் அவர் பயிற்சி கொடுத்த ஐஸால் கிளப். 2016-17-இல் தேசிய அளவிலான ஐ-லீகில் மோகன் பகான் மாதிரி பெரிய பணக்காரர்களை ஒதுக்கிவிட்டு அந்த மிசோரம் கிளப் கோப்பையைத் தூக்கியது. முந்தின சீசனில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட கிளப் அது. 2021-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டைப் பாதிவழியில் கையில் வாங்கி ஐஎஸ்எல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2024-25-இல் ஜாம்ஷெட்பூரும் அரையிறுதி. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது அவர் பழக்கம். பந்தை எதிராளியிடமே விட்டுவிட்டுப் பின்னால் வரிசைகட்டி நிற்பார். பார்க்க அழகாக இருக்காது. "ஒரு மணி நேரம் பாத்தா தூக்கம் வருது"ன்னு பெரியப்பா சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் தேசிய அணிப் பயிற்சியாளர் வேலை எங்கள் ஊர் லஸ்கர் வேலை மாதிரி. மதகைத் திறப்பதும் அடைப்பதும்தான் கையில். அணையில் எவ்வளவு தண்ணீர் என்பது அவர் கையில் இல்லை. வருஷத்தில் நாலைந்து தடவை, தடவைக்குப் பத்து நாள் பையன்கள் கிடைப்பார்கள். எந்த வாய்க்கால் எங்கே உடையும் என்று முன்னாலேயே தெரிந்தவர்தான் அந்தப் பத்து நாளைச் சமாளிக்க முடியும். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்ட நம் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரளத்துக்கு மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபியை முதல்முறையாகப் பயிற்சியாளராக வாங்கிக்கொடுத்தார். நம்மூர்க்காரருக்கு வராது என்பவர்களுக்கு அவர் பேரை நான் அடிக்கடி சொல்வது வழக்கம்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜமீலையே எடுத்தார்கள். 2012-க்குப் பிறகு முழுநேரமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். நான் இரண்டு வாரம் தரையில் நடக்கவில்லை. தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1, ஓமனைப் பெனால்டியில் தாண்டி அந்தப் போட்டியில் மூன்றாமிடம். அப்புறம் அக்டோபர் 14, கோவா. நம் சாங்தே கோல் அடித்து முன்னால் போய்விட்டு, சிங்கப்பூரிடம் 2-1 தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பே போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 தோல்வி. பெரியப்பா எதுவும் பேசவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார், அது இன்னும் மோசம்.

இப்போதும் அந்த மூன்றில் ஒன்றை எடுக்கச் சொன்னால் ஜமீலைத்தான் எடுப்பேன். கான்ஸ்டன்டைனாக இருந்தாலும் கோவாவில் கோல் போட ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற சேத்ரியையே 40 வயதில் மறுபடி கூப்பிட்டு ஆட வைத்தோம். ஐஎஸ்எல் கிளப்புகள் முன்வரிசை நடுவில் பெரும்பாலும் வெளிநாட்டு ஆளையே நிறுத்துகின்றன. நம் பையன் ஓரத்தில் ஓடிப் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான்.

இதைப் பெஞ்சில் நான் முழக்கியபோது செல்போன் பையன் சிரித்தான். "ஏண்ணே, மாசி டோர்னமென்ட்டுக்கு நம்ம டீம்ல முன்னாடி ஆடுனது யாரு?" ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, பஸ் காசும் கொடுத்து நாங்கள் கூட்டிவந்த வெளியூர் ஆள்தான். பேசி முடித்ததே நான்.