ஈரோட்டில் ஒரு பத்திர எழுத்தர்: சிறப்புத் திருமணப் பதிவு அனுபவம்

என் அக்காள் மகளின் திருமணத்துக்காக, ஈரோட்டில் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரே உள்ள பத்திர எழுத்தரை நாடினோம். பெண் கொங்கு வேளாளர் வீடு, மாப்பிள்ளை முஸ்லிம் வீடு; இருவரும் மதம் மாறாமல், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்துகொள்ள விரும்பினார்கள்.

முதல் நாள் இரண்டு வீட்டாரும் ஒரே பெஞ்சில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் இல்லாமல் ஒரு கல்யாணமா என்பது எங்கள் பெரியவர்களின் குறை. ஜமாஅத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் கவலை. அதற்கும் அடியில் இரு தரப்புக்கும் இருந்த பயம் ஒன்றுதான்: எதிர்த் தரப்பின் மதச் சட்டத்துக்குள் நம் பிள்ளை போய்விடும் என்பது. என் அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார்: “ஏனுங்க, எம்பேத்திக்குத் தோட்டத்துல பங்கு போயிருமுங்களா?”

எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இரு வீட்டாருக்கும் பொதுவாக அரை மணி நேரம் விளக்கினார். இச்சட்டப்படி மணக்கும் இந்துப் பெண், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவளாகக் கருதப்பட்டாலும் தன் சொத்துரிமையை இழப்பதில்லை. இந்தத் தம்பதியின் சொத்து வாரிசுகளுக்குப் போவதை ஷரியத்தும் தீர்மானிக்காது, இந்து வாரிசுரிமைச் சட்டமும் தீர்மானிக்காது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே தீர்மானிக்கும். மாப்பிள்ளையின் தந்தை இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். 30 நாள் அறிவிப்புக் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் வயது, உயிரோடிருக்கும் முந்தைய துணை, மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை ஆகிய காரணங்களுக்கே இடமுண்டு, மதம் வேறு என்பது காரணமாகாது என்றும் சொன்னார்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த அறிவிப்பு முகவரியோடு அலுவலகப் பலகையில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்படும் என்பதை அவர் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதால், ஒரு வாரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. இந்து, முஸ்லிம் மதச் சட்டங்களின்படி மணப்பவர்களுக்கு இல்லாத இந்தக் காத்திருப்பும் பகிரங்கமும் இச்சட்டப்படி மதம் கடந்து மணப்பவர்களுக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அது சட்டத்தின் குறை. எச்சரிக்காதது எழுத்தரின் குறை.

ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்னும் உறுதிமொழியைத் தங்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்லலாம் என்பதால், அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று சாட்சிகளில் முதல் கையெழுத்தைப் பெண்ணின் தாய்மாமனும் அடுத்ததை மாப்பிள்ளையின் தந்தையும் போட்டார்கள். இத்தகைய பதிவுக்கு இவரிடம் தயங்காமல் போகலாம்; அறிவிப்புப் பலகை பற்றி மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணத்துக்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.